நூறு ரூபாய் வெட்டு

எதிர்க்கட்சிச் சட்டமன்ற உறுப்பினரின் அலுவலகத்தில் கோப்பு எடுத்துக்கொடுக்க வருபவர் முதல் நாளே படிக்க வேண்டியது அரசியலமைப்பின் 203-ஆம் பிரிவு. ஒரு துறையின் செலவுக்கு அரசு பணம் கேட்கும் மானியக் கோரிக்கையைப் பேரவை ஏற்கலாம், மறுக்கலாம், குறைத்து ஏற்கலாம். கூட்டிக் கொடுக்கச் சொல்ல முடியாது. விபத்தில் கால் போனவர்களுக்கு இழப்பீட்டுப் பணம் போதவில்லை என்று பேச நினைக்கும் உறுப்பினர், அந்தத் துறையின் மானியத்தில் நூறு ரூபாயைக் குறைக்க வேண்டும் என்றுதான் எழுதிக் கொடுக்க முடியும். அதற்குப் பெயர் வெட்டுத் தீர்மானம். கூடுதல் பணம் கேட்பதற்கு வெட்டச் சொல்ல வேண்டியிருக்கிறது. இந்த வேலையின் பாதிக் குழப்பம் இங்கிருந்தே தொடங்குகிறது.

மீதிக் குழப்பம், அதே உறுப்பினர் அரசின் பற்றாக்குறையைக் குறைக்கவும் சொல்வதால் வருவது. "ஒரு கையால் இழப்பீடு கேட்கிறீர்கள், மறு கையால் செலவைக் குறைக்கச் சொல்கிறீர்கள், எது உங்கள் கை?" என்று ஆளும் தரப்பிலிருந்து கேட்பார்கள். நியாயமான கேள்விதான். செங்கோட்டை, தென்காசிப் பக்கம் வேலை பார்ப்பவர்களுக்கு அதற்கான பதில் பேருந்து நிலையத்திலேயே கிடைக்கும். நீதிமன்ற அமீனா வந்து அரசுப் பேருந்தை ஜப்தி செய்து கொண்டுபோவதைப் பார்க்காத ஊர் தமிழ்நாட்டில் குறைவு.

ஜப்தி வரை போவது எப்படி? மோட்டார் வாகனச் சட்டத்தின் 146-ஆம் பிரிவு, அரசுப் போக்குவரத்துக் கழக வண்டிகளுக்குக் காப்பீட்டிலிருந்து விலக்குக் கொடுக்க வழி செய்கிறது. இழப்பீடு கொடுக்கத் தனியாக ஒரு நிதியம் வைத்திருக்க வேண்டும் என்பது நிபந்தனை. காப்பீட்டு நிறுவனம் இல்லாததால் தீர்ப்புத் தொகை முழுதும் கழகத்தின் தலையில்தான் விழும். சம்பளத்துக்கும் டீசலுக்கும் போக மிச்சமில்லாத கழகம், தீர்ப்பைக் கிடப்பில் போடுகிறது. தீர்ப்புத் தொகையை வசூலித்துத் தரச் சொல்லி வக்கீல் நிறைவேற்று மனு போடுகிறார். பிறகு அமீனா வருகிறார். கழகத்திலிருந்து ஒருவர் பகுதித் தொகைக்குக் காசோலையோடு ஓடி வந்தால் வண்டி விடுபடும். மீதித் தொகைக்கு வட்டி ஓடிக்கொண்டே இருக்கும்.

வட்டிக் கணக்கை ஒருமுறையாவது கையால் போட்டுப் பார்க்க வேண்டும். தீர்ப்புத் தொகை 10 லட்சம், வட்டி 7.5 சதவீதம் (இங்குள்ள தீர்ப்புகளில் அடிக்கடி வருவது இதுதான்), மனு போட்ட நாளிலிருந்து ஆறு ஆண்டு என்றால் வட்டி மட்டும் 4.5 லட்சம். ஜப்தியான வண்டி நின்ற நாட்களின் வசூலும் வழக்குச் செலவும் அதற்கு மேல். ஆனால் அந்த ஆறு ஆண்டும் இந்தத் தொகை அரசின் நிதிப் பற்றாக்குறையில் தெரியாது. கழகத்தின் கடன் கழகத்தின் ஏட்டில் இருக்கும். அரசு பங்கு மூலதனமாகவோ வழிவகை முன்பணமாகவோ (கைச்செலவுக்குத் தரும் கடன்) கொடுக்கும்போதுதான் வரவு செலவுக் கணக்குக்குள் வரும். பாதிக்கப்பட்டவரைக் காக்க வைத்துத்தான் பற்றாக்குறை அந்த அளவுக்குச் சின்னதாகக் காட்டப்படுகிறது. இதைச் சொல்லத் தெரிந்த உறுப்பினருக்கு இரண்டு கோரிக்கையும் ஒன்றாகிவிடும்.

2021 ஆகஸ்டில் அன்றைய நிதியமைச்சர் பழனிவேல் தியாகராஜன் மாநிலத்தின் நிதிநிலை பற்றி வெளியிட்ட வெள்ளை அறிக்கை இதற்கு நல்ல பாடநூல். அரசுப் பேருந்து ஒரு கிலோமீட்டர் ஓடினால் 59.15 ரூபாய் நஷ்டம், ஒரு குடும்பத்தின் மீது 2,63,976 ரூபாய்ப் பொதுக்கடன் என்ற எண்கள் அதில் வந்தவை. எதிர்க்கட்சியினர் இரண்டாவது எண்ணை மட்டும் மேடையில் சொல்லிக்கொண்டிருப்பார்கள். முதல் எண்தான் கேள்வி கேட்க உதவும்.

கேள்வி எழுதுவதில் அடிக்கடி நடக்கும் தவறு, ஒருவரின் வழக்கை அப்படியே எழுதிவிடுவது. நீதிமன்றத்தில் நிலுவையில் உள்ள விஷயம் என்று பேரவைச் செயலகத்திலேயே நின்றுவிடும். ‘ஏன் கொடுக்கவில்லை' என்று கேட்டால் விளக்கம் வரும், எண் வராது. ‘எத்தனை' என்று கேட்க வேண்டும். ஐந்து ஆண்டுகளில் ஆண்டுவாரியாக நிறைவேற்றப்படாத தீர்ப்புகள் எத்தனை, அசல் எவ்வளவு, சேர்ந்த வட்டி எவ்வளவு, ஜப்தியான வண்டிகள் எத்தனை, வழக்குச் செலவு எவ்வளவு என்று ஐந்து கட்டம். அதே ஐந்து கட்டத்தைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கழகத்துக்கும் அனுப்பி வைக்கலாம். முப்பது நாளில் அங்கிருந்து வரும் பதிலும் பேரவைப் பதிலும் பொருந்தாவிட்டால் அதுவே அடுத்த கேள்வி.

வரவு செலவுப் புத்தகத்தில் மூன்று பத்திகளையும் பார்க்க வேண்டும்: மதிப்பீடு, திருத்திய மதிப்பீடு, முடிந்துபோன ஆண்டின் உண்மைக் கணக்கு. மேடையில் சொல்லப்படுவது மதிப்பீடு. உண்மையில் செலவானது எவ்வளவு என்பது உண்மைக் கணக்குப் பத்தியில்தான் இருக்கும். விரிவான மானியப் புத்தகத்தில் எண்கள் ஆயிரம் ரூபாய்க் கணக்கில் இருப்பதையும் மறக்கக் கூடாது. 25,00 என்று இருந்தால் அது 25 லட்சம். இரண்டாயிரத்து ஐந்நூறு என்று படித்துவிட்டு ஆவேசப்பட்டால் அன்றைய கூட்டம் முழுக்கச் சிரிப்புதான்.

இனி எல்லை விவகாரம். புளியரையைத் தாண்டிக் கோட்டைவாசல் ஏறினால் அந்தப் பக்கம் கேரளத்தின் ஆரியங்காவு. லாரியும் சபரிமலை வண்டியும் விடாமல் போகும் மலைப்பாதை. வண்டி மோதிய இடம் பத்தடி அந்தப் பக்கம் என்றால் எல்லாக் காகிதமும் மலையாளத்துக்கு மாறிவிடும். "அண்ணாச்சி, கேஸ் புனலூர்ல கெடக்கு, வாசிக்க ஆளில்ல" என்று வருபவர்களுக்கு முதலில் சொல்ல வேண்டியது, இழப்பீட்டு வழக்கை அங்கேதான் போட வேண்டும் என்றில்லை என்பது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 166-ஆம் பிரிவின்படி மனுதாரர் வசிக்கும் இடத்துத் தீர்ப்பாயத்திலும் போடலாம். 2022 ஏப்ரல் முதல், விபத்து நடந்த நாளிலிருந்து ஆறு மாதம் என்ற கெடு வந்துவிட்டது. அதைத் தாண்ட விடக் கூடாது.

முதல் தகவல் அறிக்கையைக் கேரளக் காவல்துறையின் துணா இணையதளத்தில் எடுக்கலாம். விபத்து நடந்த இடத்தைப் போலீஸ் பார்த்து எழுதும் குறிப்பை நம் ஊரில் பார்வை மகஜர் என்பார்கள், அங்கே சீன் மஹஸர் என்பார்கள். பெயர் தெரியாமல் ஒரு வாரம் அலைந்தவர்கள் உண்டு. காயச் சான்று, சீன் மஹஸர், வாகன ஆய்வாளர் அறிக்கை மூன்றையும் மொழிபெயர்த்து மனுவோடு சேர்க்க வேண்டும். 2022 மோட்டார் வாகன விதிகளின்படி காவல்துறை 48 மணி நேரத்தில் முதல் விபத்து அறிக்கையும், 50 நாளில் இடைக்கால அறிக்கையும், 90 நாளில் விரிவான அறிக்கையும் தீர்ப்பாயத்துக்குக் கொடுக்க வேண்டும். பாதிக்கப்பட்டவரின் உரிமைகளை எழுதிய படிவத்தைப் பத்து நாளில் குடும்பத்தின் கையில் கொடுக்க வேண்டும். அந்தப் படிவம் வந்ததா என்று கேட்டால் பெரும்பாலும் ‘அப்படி ஒண்ணா?' என்றுதான் பதில்.

மோதிவிட்டு ஓடிய வண்டி என்றால் விதி வேறு. மரணத்துக்கு 2 லட்சம், கொடுங்காயத்துக்கு 50,000. இதற்கான மனு விபத்து நடந்த இடத்து வருவாய் அலுவலகத்துக்குத்தான் போக வேண்டும். தென்காசியில் கொடுத்துவிட்டு ஆறு மாதம் காத்திருந்து, ‘எங்கள் எல்லை இல்லை' என்று திரும்பி வருவது இங்கே வழக்கமாக நடப்பது.

குற்ற வழக்குகளில் 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, பழைய சட்டத்தை விடச் சில இடங்களில் பாதிக்கப்பட்டவருக்குச் சாதகம். எல்லை பார்க்காமல் எந்தக் காவல் நிலையத்திலும் புகார் கொடுக்கலாம். விசாரணை எந்த நிலையில் இருக்கிறது என்பதை 90 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும். அரசு வழக்கைத் திரும்பப் பெற நினைத்தால் பாதிக்கப்பட்டவரைக் கேட்காமல் நீதிமன்றம் அனுமதிக்கக் கூடாது. 396-ஆம் பிரிவின்படி குற்றவாளி யாரென்றே தெரியாவிட்டாலும் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் இழப்பீடு கேட்கலாம். விசாரணையை இரண்டு மாதத்தில் முடிக்க வேண்டும். பணம் கொடுக்க வேண்டியது குற்றம் நடந்த மாநிலம்.

குழந்தை பாதிக்கப்பட்ட பாலியல் குற்ற வழக்கு என்றால் உறுப்பினரின் கைப்பேசியை முதலில் வாங்கி வைத்துவிடுவது நல்லது. ஆறுதல் சொல்லப் போன படத்தைப் போட்டு, பெற்றோர் முகம் தெரிந்து, அதன் வழியாகக் குழந்தை யாரென்று ஊருக்கே தெரிந்துவிட்டால் அது போக்சோ சட்டப்படியே குற்றம். முகத்தை மங்கலாக்கினாலும் வீட்டு வாசலைப் பார்த்தே ஊரார் கண்டுபிடித்துவிடுவார்கள்.

மக்கள் நீதிமன்றத்தில் சமரசமாகப் போகும் பேருந்து வழக்குகளில் ஒரு வரியைக் கவனிக்க வேண்டும். வட்டியில் பெரும்பகுதியை விட்டுக்கொடுத்துக் குடும்பம் கையெழுத்துப் போடும். அந்தத் தீர்ப்புக்கு மேல்முறையீடு கிடையாது. ‘60 நாளுக்குள் கட்டாவிட்டால் பழைய வட்டியோடு' என்ற வாசகம் இல்லாவிட்டால், குறைத்த தொகையும் அதே கிடப்புக்குப் போகும். இந்த வாசகத்தை எல்லாச் சமரசத்திலும் சேர்க்க ஆணையிட வேண்டும் என்பதை வெட்டுத் தீர்மானத்தின் காரணமாகவே எழுதலாம். அரசுக்குக் கூடுதல் செலவில்லாத கோரிக்கை என்பதால் மறுக்கக் காரணம் தேடுவது கடினம்.

அமைச்சரின் பதில் பெரும்பாலும் ‘ஆவன செய்யப்படும்' என்று முடியும். கூட்டத்தொடர் முடிந்ததும் பேரவை நடவடிக்கைக் குறிப்பில் அந்த வரியைத் தேடி, தேதியோடு வெட்டி எடுத்து, அமைச்சர்கள் அவையில் தரும் வாக்குறுதிகளைக் கவனிக்கும் அரசு உறுதிமொழிக் குழுவுக்கு அனுப்பிவிட வேண்டும். அடுத்த ஆண்டு அதே மானியம் வரும்போது அந்தத் தாள் கோப்பின் மேலே இருக்க வேண்டும். அதற்குள் வட்டி எவ்வளவு ஏறியிருக்கிறது என்பதைப் பென்சிலால் ஓரத்தில் குறித்து வைத்தால் போதும்.