கூரை வேண்டாம் என்ற வெக்காளி

சித்திரை மாதத்தில், காலை 11 மணிக்கு மேல் திருச்சி உறையூருக்குக் கிளம்பியது எங்கள் தப்புதான். செருப்பைக் கழற்றியதுமே கல்தரை காலைச் சுட்டது. நானும் அத்தையும் ஓட்டமும் நடையுமாக உள்ளே போய் நின்று நிமிர்ந்து பார்த்தால், அம்மனுக்கு மேலே விமானமும் இல்லை, கூரையும் இல்லை, நேராக வானம்தான். சூலம், உடுக்கை, பாசம், கபாலம் ஏந்தி, வடக்கு பார்த்து, அந்த வெயிலிலேயே உட்கார்ந்திருக்கிறாள் வெக்காளி. நான் சுற்று மண்டபத்து நிழலில் ஒதுங்கிக் கும்பிட்டேன். கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது.

வடக்கு பார்த்த காளி வெற்றி தருவாள், சோழர்கள் போருக்குப் போகுமுன் இவளை வணங்கினார்கள் என்றெல்லாம் சொல்வார்கள். எனக்குப் பிடித்தது கூரைக் கதைதான். சாரமா முனிவர் திருச்சி மலைக்கோட்டைச் சிவன் தாயுமானவருக்காக நந்தவனம் போட்டுச் செவ்வந்தி வளர்க்கிறார், பூக்கள் திருட்டுப்போய் உறையூர் அரண்மனைக்குப் போகின்றன, ராஜாவிடம் முறையிட்டால் அவன் காதில் வாங்கவே இல்லை. முனிவர் சுவாமியிடமே போய் அழ, கிழக்கு பார்த்திருந்த தாயுமானவர் மேற்கே உறையூர்ப் பக்கம் திரும்பினார், ஊர்மேல் மண்மாரி பொழிந்தது. வீடெல்லாம் புதைந்து போக, தப்பித்தவர்கள் ஓடி வந்து விழுந்தது இந்த எல்லைக் காளியின் காலில். அவள் ஈசனிடம் வேண்டி மண்மாரியை நிறுத்தினாள். அப்புறம், உங்கள் எல்லாருக்கும் வீடு கிடைக்கும்வரை எனக்கும் கூரை வேண்டாம் என்று வெட்டவெளியிலேயே இருந்துவிட்டாளாம்.

தாயாக வந்து பிரசவம் பார்த்ததால் தாயுமானவர் என்று பெயர் வாங்கிய சுவாமிக்கு அன்றைக்கு அத்தனை கோபம். பெற்றவள் மாதிரி ஊரைக் காப்பாற்றியது, பார்த்தாலே குலை நடுங்குகிற காளி. உக்கிர தெய்வம் என்று ஒதுங்கிப் போகிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

இங்கே வேண்டுதலைக் காகிதத்தில் எழுதி அம்மன் முன்னால் இருக்கிற சூலத்தில் கட்டுவது வழக்கம். அத்தை பையைத் துழாவி ஒரு பழைய மருந்துச் சீட்டை எடுத்து நீட்டினாள். அதன் பின்பக்கத்தில் ‘அம்மா, சொந்த வீடு’ என்று எழுதிவிட்டு அப்படியே நின்றேன். கூரைகூட இல்லாமல் இருக்கிறவளிடம் போய் வீடு கேட்பதா?

“அவகிட்டதாண்டா கேக்கணும். வெயில்ல கெடக்குறவளுக்குத்தான் அந்தக் கஷ்டம் தெரியும்” என்றாள் அத்தை.

சூலத்தில் விரல் நுழைய இடமில்லை, அவ்வளவு சீட்டுகள். மழையில் நனைந்து காய்ந்து மை கலைந்தவை, நாலாக மடித்து மஞ்சள் தடவியவை, ஒன்றில் சின்னப் பிள்ளையின் கோணல் எழுத்து. அத்தை தலையில் வைத்திருந்த மல்லிகைச் சரத்திலிருந்து நாரை உருவிக் கொடுக்க, கிடைத்த இடுக்கில் என்னுடையதையும் இறுக்கிக் கட்டினேன்.

“விலாசம் எழுதினியா?” என்றாள்.

எந்த விலாசத்தை எழுத, அடுத்த மாசம் காலி பண்ணப் போகிற வீட்டையா?