பெங்களூரில் 30 அங்குல பேஸ் தேடிய பயணம்

ஷார்ட் ஸ்கேல், அதாவது தந்தி அதிரும் நீளம் (ஸ்கேல் நீளம்) குறைவான, பேஸ் கிதார் ஒன்றை வாங்கிக்கொண்டு பெங்களூரிலிருந்து நேற்றுதான் கோவை திரும்பினேன். வாங்கிய மகிழ்ச்சி பெரிதாக இருந்தாலும், தேடி அலைந்தபோது கடைகளில் கேட்க நேர்ந்த பேச்சின் எரிச்சல் இன்னும் ஆறவில்லை. "அது பிள்ளைகள் பழகுவதற்கு சார், பெரியவர்களுக்கு 34 அங்குலம்தான்" என்று ஒரு கடையில் சொன்னதையே அடுத்த கடையிலும் சொன்னார்கள். பீட்டில்ஸ் குழுவின் பால் மெக்கார்ட்னி 1961-இல் ஹாம்பர்க் நகரில் வாங்கிய ஹோஃப்னர் பேஸின் நீளம் 30 அங்குலம். ஜாக் புரூஸ் கிரீம் என்ற ராக் குழுவில் வாசித்த கிப்சன் ஈபி-3 முப்பதரை அங்குலம். இவற்றைப் பிள்ளைகளின் கருவி என்று சொல்பவர்கள் இசைக்கருவி விற்கும் இடத்தில் நிற்பது வருத்தத்துக்குரியது.

நான் கிதார் வாசிப்பவன். எங்கள் குழுவின் பேஸ் வாசிப்பாளர் வேலை மாறிச் சென்னைக்குப் போய்விட்டதால், அந்த இடத்தை நிரப்பும் பொறுப்பு என்னிடம் வந்தது. நாங்கள் அதிகம் வாசிப்பவை இளையராஜா பாடல்கள். அவற்றில் பேஸ் ஓரிடத்தில் நிற்காமல் தனி மெட்டாக நடந்துகொண்டே இருக்கும் என்பதால், இடது கைக்கு ஓய்வே கிடைக்காது. ஃபெண்டர் வகைக் கிதாரின் ஸ்கேல் நீளம் 25.5 அங்குலம், அதில் முதல் ஃப்ரெட்டிலிருந்து (ஃப்ரெட் என்பது கழுத்தில் குறுக்கே பதித்த கம்பி) நான்காம் ஃப்ரெட் வரை ஏறக்குறைய 97 மில்லிமீட்டர். 34 அங்குல பேஸில் அதே தூரம் 130 மில்லிமீட்டர். 30 அங்குலத்தில் 114. கிதாருக்குப் பழகிய விரல்கள் கிதாரையும் விட்டுவிடாமல் பேஸையும் வாசிக்க வேண்டுமென்றால், இந்த நடுத்தர அளவே பொருத்தம் என்று ஊரிலேயே முடிவு செய்துவிட்டேன். உள்ளூர்க் கடைகளில் கையில் எடுத்துப் பார்க்க ஒன்றும் இல்லாததால்தான் பெங்களூர்ப் பயணம். பை உட்பட 25,000 ரூபாய்க்கு மேல் ஒரு ரூபாயும் செலவழிப்பதில்லை என்பது வீட்டில் கொடுத்த வாக்கு.

இரவுப் பேருந்தைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. நகர மையப் பேருந்து நிலையமான மெஜஸ்டிக் வரை என்று பயணச்சீட்டில் எழுதியிருந்தும், விடியற்காலையில் சில்க் போர்டு சந்திப்பில் எல்லோரையும் இறக்கிவிட்டு, வண்டி இதற்கு மேல் போகாது என்று சொல்லிவிட்டார்கள். சாய்விருக்கை ஓசூர் வரை சாயவே இல்லை. இறங்கியதும் வந்து நின்ற ஆட்டோக்காரர், நல்ல தமிழில், அல்சூருக்கு 500 ரூபாய் கேட்டார். முதல் 2 கிலோமீட்டருக்கு 36 ரூபாய், அதன்பின் கிலோமீட்டருக்கு 18 என்பது அந்நகரின் மீட்டர் கட்டணம். சுமார் 10 கிலோமீட்டர் தூரத்துக்கு 180 ரூபாய்தான் ஆகும். "மீட்டர் போடுங்கள் அண்ணா, வருகிறேன்" என்றதற்கு அவர் பதில் சொல்லாமல் அடுத்த பயணியிடம் போய்விட்டார். நகரப் பேருந்து மாறி அல்சூரில் அத்தை வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தேன். மிச்சமான 400 ரூபாயைத் தந்திகளுக்கென்று அப்போதே ஒதுக்கி வைத்தேன்.

இந்தப் பயணத்தில் எனக்குக் கிடைத்த மிகச் சிறந்த பாடம் எந்தக் கடையிலும் கிடைக்கவில்லை. அத்தை வீட்டுக்கு அடுத்த தெருவில், தேவாலயப் பாடற்குழுவில் நெடுங்காலமாக பேஸ் வாசிக்கும் தமிழ்ப் பெரியவர் ஒருவர் இருக்கிறார். அவரிடம் எப்பிஃபோன் ஈபி-0 என்ற பழைய ஷார்ட் ஸ்கேல் பேஸ் ஒன்று உண்டு. நின்றுகொண்டு கையை விட்டால் அதன் நெக் (கழுத்து) தானாகக் கீழே சாயும். இடது கை வாசிப்பதோடு அதைத் தாங்கவும் வேண்டியிருக்கும். "தம்பி, கடையில் போனதும் ஆம்ப்பைத் (ஒலி பெருக்கும் கருவி) தொடாதே. தடித்த ஈ தந்தியை வெறுமனே மீட்டிக் கேள். அது சரியாக இருந்தால் மற்றதையெல்லாம் பிறகு மாற்றிக்கொள்ளலாம்" என்றார். தந்தியின் அதிர்வை மின்சாரமாக மாற்றி ஆம்ப்புக்கு அனுப்பும் பாகத்தை நினைத்து, "பிக்கப் முக்கியமில்லையா அங்கிள்?" என்று கேட்டேன். "பிக்கப்பை விலைக்கு வாங்கலாம், மரத்தையும் நெக்கையும் வாங்க முடியுமா?" என்றார்.

அவர் சொன்னதற்குப் பின்னால் தெளிவான காரணம் இருக்கிறது. ஒரே தந்தியை ஒரே சுருதியில் கட்டும்போது, இழுவிசை நீளத்தின் வர்க்கத்தைப் பொறுத்து மாறும். 34 அங்குலத்திலிருந்து 30 அங்குலத்துக்கு வந்தால் இழுவிசை ஏறக்குறைய 22 விழுக்காடு குறைகிறது. விரலுக்கு இதமாக இருப்பதும், மிக மெல்லிய ஜி தந்தியை கிதார் போல வளைக்க முடிவதும் இதனால்தான். ஆனால் 41 ஹெர்ட்ஸில் ஒலிக்க வேண்டிய தடித்த ஈ தந்திக்கு இதே தளர்வு பகையாகிறது: பலமாக மீட்டினால் ஃப்ரெட்டில் அடிபடும், மேலொலிகள் சுருதியிலிருந்து விலகும், ஒலி குழையும். ஆகவே மலிவான ஷார்ட் ஸ்கேல் பேஸ்களில் நல்லதும் கெட்டதும் பிரிவது ஈ தந்தியில்தான்.

இந்த அளவுகோலோடு மகாத்மா காந்தி சாலைப் பக்கமும் இந்திராநகர்ப் பக்கமும் கடைகளில் ஏறி இறங்கினேன். ஸ்க்வையர் பிராங்கோ எல்லாவற்றிலும் விலை குறைவு, எடையும் குறைவு. ஆனால் அதில் இருப்பது ஃபெண்டர் ஸ்ட்ராட் கிதாரில் இருப்பது போன்ற ஒற்றைப் பிக்கப், அதன் ஒலி எனக்கு மெலிந்தே கேட்டது. ஐபானெஸ் மைக்ரோவின் நீளம் 28.6 அங்குலம்தான், விரலுக்கு அது சொர்க்கம், ஈ தந்தி நான் எடுத்துப் பார்த்ததில் தொய்ந்துபோய் இருந்தது, கனமான தந்தி போட்டால் ஒருவேளை தேறலாம். ஸ்க்வையர் அஃபினிட்டி ஜாகுவார் எச், பிரிட்ஜ் (தந்திகள் உடலில் முடியும் இடம்) பக்கம் ஹம்பக்கர் எனும் இரட்டைச் சுருள் பிக்கப் கொண்டது. அதன் ஒலி கூர்மையானது, ராக் வாசிப்பவர்களுக்குத் தயங்காமல் பரிந்துரைப்பேன். ஐபானெஸ் டால்மன் டிஎம்பி30-ஐ எடுத்து ஆம்ப் இல்லாமலே ஈ தந்தியை மீட்டியபோது, உடற்பகுதி என் விலா எலும்பில் அதிர்ந்தது. நின்று கையை விட்டேன், நெக் அசையவில்லை. பன்னிரண்டாம் ஃப்ரெட்டில் அழுத்திய சுரமும் அங்கேயே தொட்டெடுத்த ஹார்மோனிக் எனும் மேலொலியும் ட்யூனரில் ஒன்றாகவே காட்டின, அதாவது சுருதி பிசகவில்லை. பி (பிரிசிஷன்) வகை, ஜே (ஜாஸ்) வகை என்று இரண்டு பிக்கப்களும் இருந்தன.

ஒரு கடையில் உட்கார்ந்து பார்க்க நாற்காலிகூடத் தர மறுத்தார்கள் என்பதையும், வாங்கினால்தான் உறையைப் பிரிப்போம் என்றார்கள் என்பதையும் இங்கே பதிவு செய்கிறேன். பிரித்துக் காட்டாத கருவியை வாங்க பெங்களூர் வரை போக வேண்டியதே இல்லை.

உடனே வாங்காமல் மல்லேஸ்வரம் போய், மார்கோசா சாலை சி.டி.ஆர் உணவகத்தில் வரிசையில் நின்று வெண்ணெய் மசால் தோசை சாப்பிட்டேன். வெளிப்புறம் செங்கல் நிறத்தில் முறுகி, உட்புறம் பஞ்சாகி, ஒவ்வொரு விள்ளலிலும் வெண்ணெய் விரலில் வழிந்தது. சாம்பார் கேட்காதீர்கள், அந்தத் தோசைக்குப் பச்சைச் சட்னியே போதும். இரண்டாவது தோசைக்குச் சொல்லிவிட்டுக் கைப்பேசியில் கணக்குப் போட்டேன். டால்மனை வாங்கினால் பைக்கும் தந்திக்கும் பணம் போதாது. பிராங்கோவை வாங்கினால் மிச்சம் இருக்கும், ஆனால் பிக்கப் மாற்றும் செலவு அந்த மிச்சத்தை விழுங்கிவிடும். டால்மன் இருந்த கடைக்கே திரும்பி, பையை விலைக்குள் சேர்த்துத் தரும்படி பேரம் பேசினேன். கடைசியில் ஒப்புக்கொண்டார்கள். ஆனால் அது கெட்டியான பஞ்சு வைத்த பை இல்லை. இரவுப் பேருந்துக்கு அது போதவில்லை என்பதால் வழிநெடுக முழங்கால்களுக்கு நடுவே நிறுத்திப் பிடித்துக்கொண்டு வந்தேன். பெட்டிகளோடு அடியில் போடச் சொன்ன நடத்துநரிடம் உறுதியாக மறுத்துவிட்டேன்.

தந்தி வாங்கும்போது உறையில் ஷார்ட் ஸ்கேல் என்று எழுதியிருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். நீளமான பேஸுக்கான தந்தியைப் போட்டால், தடித்த சுற்றுப் பகுதி ட்யூனிங் கீயில் போய்ச் சுருண்டு சரியாக உட்காராது. அதை வெட்டினால் சுற்று பிரியும் அபாயமும் உண்டு. நான் 0.045 அங்குலத்திலிருந்து 0.105 அங்குலம் வரை தடிமன் உள்ள தந்தித் தொகுப்பைப் போட்டிருக்கிறேன். ஈ தந்தி இன்னும் இறுக்கமாகிவிட்டது. வீட்டிலுள்ள சிறிய கிதார் ஆம்ப்பில் மிகக் குறைந்த ஒலியளவில் மட்டுமே வாசிக்கிறேன், ஒலியைக் கூட்டினால் அந்தச் சின்ன ஸ்பீக்கர் கிழிந்துவிடும். பேஸ் ஆம்ப்புக்குத் தீபாவளி போனஸ் வர வேண்டும். அதுவரை குழுப் பயிற்சியில் கீபோர்டு ஆம்ப்பின் இரண்டாவது சேனலைப் பயன்படுத்திக்கொள்ள அனுமதி வாங்கியிருக்கிறேன்.