சேரரைத் தேடினால் சோழர் வருகிறார்

பெங்களூரில், அல்சூர் ஏரியிலிருந்து நடந்துபோகும் தொலைவில் உள்ள எங்கள் அடுக்ககத்தில், தமிழ்க் குடும்பங்கள் சேர்ந்து ஒரு சிறிய இரவல் நூலகம் நடத்துகிறோம். தரைத்தளத்தில் மூன்று அலமாரிகள், ஒரு பழைய மடிக்கணினி, அதில் பைத்தான் என்ற நிரல்மொழியில் நான் எழுதிக் கொடுத்த ஒரு தேடல் நிரல், அவ்வளவுதான். சென்ற வாரம் ஒரு மாலை, லிஃப்டுக்குக் காத்திருந்த என்னை நூலகத்தைப் பார்த்துக்கொள்ளும் பெரியவர் பிடித்துக்கொண்டார். "தம்பி, உங்க புரோகிராம்ல சேரர்னு தட்ட ஆரம்பிச்சா சோழர் வந்து நிக்கிறார். சோழர்னே தட்டினா பழைய புத்தகம் ஒண்ணுகூட வரலை" என்றார். பல ஆண்டுகளாக வழு அறிக்கைகளை, அதாவது நிரலில் உள்ள பிழைகளைப் பற்றிய புகார்களை, படித்தே சம்பளம் வாங்கும் எனக்கு, இவ்வளவு துல்லியமான ஒன்று அலுவலகத்தில் அரிதாகவே கிடைத்திருக்கிறது.

அவர் சொன்னபடியே செய்து பார்த்தேன். 'சே' என்று இரண்டு விசைகளைத் தட்டியதும் சோழர் வரலாற்று நூல்கள் வரிசையாக வந்தன; அடுத்து 'ர' என்று தட்டியதும் மறைந்தன. திரையில் எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் 'சோ' என்பது 'சோ'வாகவே தெரிந்ததால், கண்ணை நம்புவதை விட்டுவிட்டு, ஒவ்வொரு சொல்லையும் அதன் யூனிகோடு எண்களாக, அதாவது எழுத்துகளையும் குறிகளையும் கணினி சேமித்துவைக்கும் எண்களாக, அச்சிடச் சொன்னேன். நான் தட்டிய 'சோ' 2970, 3019 என்று இரண்டு எண்களாக வந்தது. பட்டியலில் இருந்த 'சோ' 2970, 3015, 3006 என்று மூன்றாக வந்தது. 3015 என்பது ஏகாரக் குறி, 3006 என்பது கால். அதாவது பழைய பட்டியலில் 'சோழர்' என்ற சொல்லுக்குள் 'சே' உண்மையாகவே உட்கார்ந்திருந்தது. பெரியவர் கண்டது மாயமில்லை.

காரணம் எளிது. ஒகரம், ஓகாரம், ஔகாரம் ஆகிய மூன்று உயிர்மெய்க் குறிகளையும் யூனிகோடில் ஒரே குறியீடாகவும் எழுதலாம், இரண்டு துண்டுகளாகவும் எழுதலாம். இரண்டும் ஒன்றுக்கொன்று நிகர் என்றே தரநிலை சொல்கிறது. ஆனால் எண்களை மட்டும் ஒப்பிடும் நிரலுக்கு அந்த நிகர்மை தெரியாது. எங்கள் பழைய பட்டியல், பாமினி வகை எழுத்துருவில் தட்டச்சு செய்து பிற்பாடு யூனிகோடுக்கு மாற்றப்பட்டது. அத்தகைய எழுத்துருக்களில் கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே, முதலில் கொம்பு, பிறகு சகரம், பிறகு கால் என்று சேமிப்பார்கள். யாரோ பயன்படுத்திய மாற்றி, கொம்பைச் சகரத்துக்குப் பின்னால் நகர்த்தியதோடு நின்றுவிட்டது. காலையும் கொம்பையும் ஒன்றாக்கவில்லை.

திருத்தம் ஒரே வரி: பைத்தானோடு வரும் யூனிகோடு தொகுப்பில் உள்ள இயல்பாக்கச் சார்பை (நிகரான வடிவங்களை ஒரே வடிவமாக்கும் சிறு நிரல்பகுதி), துண்டுகளைச் சேர்த்து எழுதும் என்.எஃப்.சி. வடிவத்துக்கு அழைத்தால் போதும், அவை ஒன்றுசேர்ந்துவிடும். அந்த ஒரு வரியையும் முதலில் தவறான இடத்தில் போட்டேன் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். தேடுபவர் தட்டும் சொல்லை மட்டும் இயல்பாக்கினேன். அது ஏற்கெனவே சரியாகத்தான் இருந்தது, கோளாறு பட்டியலில் இருந்தது. பட்டியலை ஒருமுறை திருத்தி எழுதிவிடலாம் என்று தோன்றினாலும், அடுத்து யாராவது பழைய கோப்பு ஒன்றைக் கொண்டுவந்து சேர்த்தால் மறுபடியும் இதே கதைதான். ஆகவே உள்ளே வரும் தலைப்பும் தேடும் சொல்லும் கட்டாயம் கடந்தாக வேண்டிய ஒரு சார்பில் அதை வைத்தேன்.

பிறகு, இந்த வழு திரும்பி வந்தால் கூச்சலிடும் ஒரு ரெக்ரஷன் டெஸ்ட் எழுத உட்கார்ந்தேன். 'சோழர்' என்று ஒரு தலைப்பைப் பட்டியலில் சேர்த்து, 'சோழர்' என்று தேடி, ஒரு நூல் கிடைக்கிறதா என்று பார்க்கும் நான்கு வரிகள். சோதனை தேறியது என்று பச்சை விளக்கு எரிந்தது. பழக்கதோஷத்தில் திருத்தத்தை நீக்கிவிட்டு மறுபடி ஓட்டினேன், அப்போதும் பச்சைதான்! இரண்டு சொற்களையும் ஒரே விசைப்பலகையில் தட்டியிருந்ததால், இரண்டும் ஒரே வடிவத்தில் இருந்திருக்கின்றன. எதையும் சோதிக்காத ஒரு சோதனையை எழுதி மகிழ்ந்துகொண்டிருந்தேன். எனவே சொல்லை எழுத்தாகத் தட்டாமல், 2970, 3015, 3006 என்று எண்களிலிருந்தே உருவாக்கும்படி மாற்றினேன். படிக்க அழகாக இல்லைதான். ஆனால் எழுத்தாக விட்டால் நாளை ஏதாவது எடிட்டர் அதைச் சத்தமில்லாமல் ஒன்றுசேர்த்துவிடலாம். திருத்தமின்றி ஓட்டியபோது சிவப்பு, திருத்தத்தோடு ஓட்டியபோது பச்சை. அதற்குப் பிறகே, நிரலின் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட்டில் சேர்த்தேன். 'சே' என்று தேடினால் சோழர் வரக்கூடாது என்பதையும், பெரியவரின் சொற்களையே குறிப்பாக மேலே எழுதி, தனிச் சோதனையாக வைத்தேன்.

இயல்பாக்கம் தொடாத ஒரு சிக்கல் மிஞ்சியது. 'கௌதமர்' என்பதைச் சிலர் இரண்டு தலைப்புகளில் கொம்பும் ளகர எழுத்துமாக, 'கெளதமர்' என்று தட்டியிருந்தார்கள். இது யூனிகோடின் பார்வையில் வேறு சொல். கொம்புக்குப் பின் ளகரம் வந்தால் ஔகாரக் குறியாக மாற்றிவிடு என்று ஒரு விதி எழுதக் கை துறுதுறுத்தது. நல்லவேளையாக, அலமாரியில் இருந்த மீன் சமையல் நூல் நினைவுக்கு வந்தது. அந்த விதி கெளுத்தியைக் கெடுத்துவிடும். அந்த இரண்டு தலைப்புகளையும் கையாலேயே திருத்திவிட்டு, 'கெளுத்தி' மாறாமல் இருக்க வேண்டும் என்று இன்னொரு சோதனையைச் சேர்த்தேன். என்னைப் போலவே இன்னொருவருக்கும் கை துறுதுறுக்கக்கூடும்.

மூன்றாம் மாடியில் இருக்கும் கன்னட அம்மா தம்மிடமுள்ள நூல்களையும் பட்டியலில் சேர்க்கலாமா என்று கேட்டிருக்கிறார். கன்னடத்தில் ஓகாரக் குறி மூன்று துண்டுகளாகவே பிரியக்கூடியது. அதே சார்பு அதையும் ஒன்றுசேர்க்கிறது என்பதை, அவர் பட்டியல் வருமுன்பே, எண்களால் எழுதிய ஒரு சோதனையில் பார்த்துவைத்திருக்கிறேன்.