மொட்டை மாடிக் கம்பியும் ஆன்டெனாக் கணக்கும்

சர்வதேச விண்வெளி நிலையம் சில சமயம் 145.800 மெகாஹெர்ட்ஸில் படங்களை அனுப்புகிறது. அவற்றைப் பிடிக்க, குறுக்குநெடுக்காக வைத்த இரண்டு டைபோல் (நடுவில் இணைப்புள்ள இரு கைக் கம்பி) கொண்ட ஆன்டெனா ஒன்றை மொரிசியஸின் ரோஸ் ஹில்லில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் நிறுத்த விரும்பினேன். எந்த உயரத்தில் என்பதுதான் கேள்வி.

1960-இல் அலிக்ஸ், கரோல் ஆகிய இரு புயல்கள் அடுத்தடுத்து வந்தபின் மொரிசியஸில் கான்கிரீட் வீடுகள் பெருகின. எங்கள் வீடும் அப்படித்தான்: தட்டையான தளம், உள்ளே 20 செ.மீ. இடைவெளியில் கம்பி வலை, மூலைகளில் தம்பிக்கான மேல் மாடியை எதிர்பார்த்து அப்பா விட்டுவைத்த கம்பிகள். இந்த அலையின் நீளம் 2.06 மீட்டர். அதில் பத்தில் ஒரு பங்கு இடைவெளியுள்ள வலை, அலையைத் திருப்பி அனுப்பும், கிட்டத்தட்ட முகம் பார்க்கும் கண்ணாடிபோல.

கணக்குக்கு நெக்-2 என்ற ஆன்டெனாக் கணிப்பு நிரலை எடுத்தேன். அமெரிக்காவின் லாரன்ஸ் லிவர்மோர் ஆய்வகத்தில் உருவான இது, 'மெத்தட் ஆஃப் மோமெண்ட்ஸ்' என்ற கணித முறையில் இயங்குகிறது. கம்பிகளைச் சிறு துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு துண்டின் மின்னோட்டமும் மற்ற எல்லாத் துண்டுகளையும் எப்படிப் பாதிக்கிறது என்று ஓர் எண் அணியாக (மேட்ரிக்ஸ்) எழுதித் தீர்க்கிறது. உள்ளீட்டு வரிகளை இன்றும் 'அட்டை' என்றே சொல்கிறார்கள். துளை அட்டைக் காலத்து மிச்சம். துண்டுகளை இரட்டித்தால் தீர்க்கும் வேலை எட்டு மடங்காகும் என்பதால் தளத்தில் 4 மீட்டர் சதுரத்தை மட்டும் வரைந்தேன். அதுவே 840 துண்டு. அதற்கு முன், வெட்டவெளியில் நிற்கும் அரை அலை டைபோலைக் கொடுத்துப் பார்த்தேன். அதன் மின்மறுப்பு, பாடப்புத்தகம் சொல்லும் 73 ஓம் அருகில் வந்தது, நிரலை நம்பலாம்.

வலையிலிருந்து கால் அலை, அதாவது 51 செ.மீ. உயரத்தில், நேர் மேலே வலுவான கதிர். அரை அலைக்கு உயர்த்தினால் நேர் மேலே சூனியம், தொடுவானத்திலிருந்து 30 பாகையில் உச்சம். முதலாவதுதான் நல்லது என்று தோன்றும். ஆனால் நிலையம் தலைக்கு மேல் வரும்போது சுமார் 420 கி.மீ. தூரம்தான், தொடுவானத்தில் 2,000 கி.மீ.க்கும் மேல். பலம் வேண்டியது தாழ்ந்த கோணத்தில். எட்டில் மூன்று பங்கு அலை, 77 செ.மீ., எனக்குப் பிடித்தது: உச்சியில் பாதித் திறன் போகிறது, 20 பாகையில் கால் அலையைவிட ஏறத்தாழ இரு மடங்கு கிடைக்கிறது.

நான் எதிர்பாராதது மூலைக் கம்பிகள். அரை மீட்டர் உயரம் என்பதால் அவை தாமாகவே கால் அலை ஆன்டெனாக்கள். கம்பத்தை மூலையருகே வைத்தபோது அவற்றில் மின்னோட்டம் ஏறி, கதிர் ஒரு பக்கம் சாய்ந்தது. நடுவே நகர்த்தியதும் அடங்கியது. இதை வெறும் கண்ணால் யாரும் ஊகித்திருக்க முடியாது.

அடுத்து கான்கிரீட். வலை மேற்பரப்பிலிருந்து 12 செ.மீ. ஆழத்தில் கிடக்கிறது. கான்கிரீட்டின் மின்காப்பு எண்ணை 6 என்று வைத்தால் அலை அதற்குள் 2.45 மடங்கு மெதுவாகச் செல்லும். அப்படியானால் 12 செ.மீ., 29 செ.மீ. காற்றுக்குச் சமம் என்று நினைக்கத் தோன்றும். நெக்-2 இதற்குத் தோதில்லை. 1966-இல் கேன் யீ தந்த முறை வெளியையே சிறு பெட்டிகளாக வெட்டி, மின்புலத்தையும் காந்தப்புலத்தையும் மாறி மாறி நேரத்தில் நகர்த்துகிறது. ஓப்பன்ஈஎம்எஸ் என்ற இலவச நிரலில் 4 செ.மீ. பெட்டி வைத்தேன், ஒவ்வொரு நகர்வுக்கும் உரிய நேரப் படி 77 பிகோவினாடியைத் தாண்டக் கூடாது, தாண்டினால் எண்கள் வெடித்துவிடும். மேற்பரப்பிலேயே ஒரு பகுதி அலை திரும்பிவிடுவதால் கண்ணாடி 29-இல் இல்லை, 15 செ.மீ.க்கு அருகில் இருப்பதுபோல் நடந்துகொள்கிறது. ஆகவே 77-இல் அந்த 15 போக, ஆன்டெனாவின் இடம் தளத்திலிருந்து 60 செ.மீ.யை ஒட்டி.

மொரிசியஸ்காரனுக்கு இதில் ஒரு தனிச் சுவை உண்டு. இங்கே பிரா தோ என்ற இடத்தில், மொரிசியஸ் ரேடியோ தொலைநோக்கிக்காக 1,024 சுருள் ஆன்டெனாக்களை 2 கி.மீ. நீளத்துக்கு நிறுத்தி 151.5 மெகாஹெர்ட்ஸில் வானத்தைப் பார்த்தார்கள். என் அலைநீளத்துக்குப் பக்கத்து வீடு.

கம்பம் இப்போது நிற்கிறது. அடுத்த வீட்டு அத்தை எட்டிப் பார்த்து, "தம்பி, புயலுக்கு இது தாங்குமா?" என்று கேட்டார். தாங்காது என்றுதான் அடியில் கீல் வைத்திருக்கிறேன், அத்தை. கம்பத்தைச் சாய்த்துப் படுக்கவைத்தால் மூலைக் கம்பிகள் எப்படி நடந்துகொள்ளும் என்பதை அடுத்து ஓட்டிப் பார்க்க வேண்டும்.