பாமீர் நெடுஞ்சாலை மனிதர்கள்

தஜிகிஸ்தானின் கோரோக் நகரிலிருந்து கிர்கிஸ்தானின் ஓஷ் வரை பாமீர் நெடுஞ்சாலையில் தனியாக பைக் ஓட்டப்போகிறேன் என்று சொன்னபோது, நடுவழியில் வண்டி நின்றுவிட்டால் என்ன செய்வாய் என்று கேட்காத நண்பர் இல்லை. அதற்கான பதில் அச்சாலையோரம் வாழும் மக்களிடம் இருந்தது. அவர்களுக்கு நான் பட்டிருக்கும் கடனை இங்கே எழுதிவைக்க விரும்புகிறேன்.

கோரோக்கிலிருந்து நேராக மேலேறாமல், தெற்கே இஷ்காஷிம் வழியாக வக்கான் பள்ளத்தாக்கைச் சுற்றிச் சென்றேன். வலப்புறம் பாஞ்ச் ஆறு, அக்கரையில் ஆப்கானிஸ்தான். லங்கர் கிராமத்தை அடைந்தபோது மழையில் நனைந்து விரல்கள் மரத்துப்போயிருந்தன. தங்க இடம் கிடைக்குமா என்று சைகையால் கேட்ட என்னை, ஒரு பெரியவர் நெஞ்சில் கைவைத்து வணங்கித் தம் வீட்டுக்கே அழைத்துச் சென்றார். பாமீர் வீடு என்பது ஐந்து தூண்கள் தாங்கும் பெரிய அறை. நபிகள், அலி, பாத்திமா, ஹசன், ஹுசைன் ஆகியோரின் பெயர்களால் அத்தூண்களை அழைக்கிறார்கள். கூரையில் ஒன்றுக்குள் ஒன்றாகச் சிறுத்துச் செல்லும் நான்கு மரச் சதுரங்களின் நடுவிலிருந்து வெளிச்சம் இறங்குகிறது. அவ்வீட்டு அம்மா என் கையுறைகளை அடுப்பருகே காயப்போட்டுவிட்டு, பாலும் உப்பும் வெண்ணெயும் சேர்ந்த ஷிர்சாய் என்னும் தேநீரைக் கிண்ணத்தில் ஊற்றி, ரொட்டியைப் பிய்த்துப் போட்டு நீட்டினார். சர்க்கரைத் தேநீரில் வளர்ந்த நாக்குக்கு முதல் மடக்கு விநோதமாகத்தான் இருந்தது. இரண்டாம் கிண்ணத்தை நானே கேட்டு வாங்கிக் குடித்தேன்.

மறுநாள் 4,344 மீட்டர் உயரமுள்ள கார்குஷ் கணவாயைக் கடந்து, மீண்டும் எம்41 என்னும் பாமீர் நெடுஞ்சாலையைப் பிடித்து, அலிச்சூரைத் தாண்டிய சற்று நேரத்தில் பின்சக்கரம் பஞ்சரானது. டயரை நெம்பிக் கழற்றி டியூபுக்கு ஒட்டும் போட்டுவிட்டேன். ஆனால் அந்த உயரத்தில் கைப்பம்பை அடிக்க அடிக்க மூச்சு வாங்கியதே தவிர, டயர் ரிம்மில் சரியாக உட்காரவில்லை. சீன எல்லையிலுள்ள குல்மா கணவாய்ப் பக்கமிருந்து சரக்கேற்றி வந்த ஒரு லாரி, நான் கைகாட்டாமலேயே நின்றது. ஓட்டுநர் இறங்கி வந்து பார்த்தார். ஒன்றும் கேட்காமல் லாரியின் பிரேக் காற்றுத் தொட்டியிலிருந்து ஒரு ரப்பர் குழாயை இழுத்து வந்து வால்வில் பொருத்தினார். 'டப்' என்ற ஓசையுடன் டயர் ஏறி உட்கார்ந்தது. சக்கரத்தை மாட்டிய பின், அச்சு நட்டைத் தம் ஸ்பானரால் இன்னொரு முறை இறுக்கி, செயினின் தொய்வை விரலால் தட்டிப் பார்த்தே அவருக்கு மனம் நிறைந்தது. நான் நீட்டிய பணத்தை மறுத்துவிட்டு, உலர்ந்த ஆப்ரிகாட் பழங்களைக் கைநிறைய அள்ளித் தந்துவிட்டு வண்டியைக் கிளப்பிவிட்டார்.

இவர்களை 'வெள்ளந்தியான மலை மக்கள்' என்று சொல்லிவிட்டுப் போவது எனக்கு உடன்பாடில்லை. சோவியத் காலத்தில் இம்மலைப் பகுதி உணவுக்கும் எரிபொருளுக்கும் வெளியிலிருந்து வரும் சரக்கையே நம்பியிருந்தது. 1991இல் அந்த ஆட்சி சரிந்ததும் சரக்கு நின்றது, 1992 முதல் 1997 வரை உள்நாட்டுப் போரும் சேர்ந்துகொண்டது. இஸ்மாயிலி முஸ்லிம்களின் ஆன்மிகத் தலைவரான ஆகா கானின் அறக்கட்டளை ஓஷிலிருந்து இதே சாலையில் லாரிகளில் அனுப்பிய உணவு கைகொடுத்தது. மரமே இல்லாத முர்காப் பகுதியில் எரிப்பதற்குத் தெரெஸ்கென் புதரை வேரோடு பிடுங்கினார்கள். சாலையில் ஒரு வண்டி வராமல்போனால் என்ன நேரும் என்பதை அனுபவித்து அறிந்தவர்கள், நின்றுபோன வண்டியைப் பார்த்தும் பாராமல் போவதில்லை என்றே நான் புரிந்துகொள்கிறேன்.

முர்காப்பில் நான் தங்கிய கிர்கிஸ் குடும்பம் படுக்கைக்கும் இரு வேளை உணவுக்கும் கட்டணம் சொன்னது. அது அவர்களுடைய பிழைப்பு. அங்கே போய்ப் பேரம் பேசும் பயணிகளைக் கண்டு மனம் வருந்தினேன். ஆனால் உயரத்தால் வந்த தலைவலியோடு நான் சுருண்டு கிடந்த இரவில், பலமுறை எழுந்துவந்து அடுப்பில் சாண வறட்டி போட்டுவிட்டுப் போன அந்த அம்மாவின் உறக்கத்துக்கு எந்தக் கட்டணமும் இல்லை. அடுத்து வருவது 4,655 மீட்டர் உயரமுள்ள அக்பைதால் கணவாய். காலையில் நான் கிளம்ப முனைந்தபோது அவர் வாசலில் வந்து நின்று, பைக்கைக் காட்டி, என் நெற்றியைக் காட்டி, கூடாது என்று உறுதியாகத் தலையசைத்தார். பெட்டியை மறுபடி உள்ளே கொண்டுபோனேன். அடுத்த நாள் தெளிந்த தலையோடு கணவாயைக் கடந்து, மாலைக்குள் கரகுல் ஏரிக்கரையை எட்டினேன்.