ஒரு இஞ்ச் இறக்கம்

மார்ச் 21

கூலிப் பேச்சு முடியாமல் தறி நின்று மூன்று நாள். பதினாறும் ஓடும்போது தலையைச் சாய்த்தால் தூக்கம் வந்துவிடும். இப்போது ஓட்டுக்கு மேல் எலி போவது கேட்கிறது. மூன்று மணிக்கு எழுந்து வண்டியில் போய் உட்கார்ந்திருந்தேன்.

மார்ச் 22

திண்ணையை அளந்தேன். காலியாக நிற்கும்போது வண்டிப் பாடியின் தரை திண்ணையைவிட 65 மி.மீ. உயரம். நாலு பாவு பீம், அதாவது பாவு நூல் சுற்றிய உருளை, ஏற்றினால் 40 மி.மீ. அழுந்துகிறது. மிச்சம் 25. அந்த ஒரு இஞ்ச் படியில்தான் டிசம்பரில் பீம் துள்ளியது. அப்பா இன்னும் வலது காலுக்குச் செருப்பு போடுவதில்லை.

வண்டியை 50 மி.மீ. இறக்கினால் என்ன?

மார்ச் 23

காலையிலிருந்து வண்டிக்கு அடியில். சும்மா வாசலில் உட்கார்ந்திருந்தால் யாராவது வந்து கூலிப் பேச்சு என்னாச்சு என்று கேட்கிறார்கள். அடியில் படுத்தவனை யாரும் கேட்பதில்லை.

பாரம் தாங்கும் கமான் பட்டை, பின் அச்சை மூடிய குழாயான ஹவுசிங்குக்குக் கீழே ஓடுகிறது. இதைப் பார்க்கத்தான் படுத்தேன். பட்டை கீழே இருக்கிற வண்டியில் பட்டைக்கும் அச்சுக்கும் நடுவில் கட்டை வைத்தால் வண்டி இறங்கும். பட்டை மேலே ஓடுகிற வண்டியில் அதே கட்டை வண்டியைத் தூக்கிவிடும். பெரியம்மா பையன் அப்படித்தான் இறக்கப் போய் ஏற்றிக்கொண்டு வந்தான். ஒரு மாதம் அதையே ஸ்டைல் என்று சொல்லிக்கொண்டு திரிந்தான்.

பட்டையை அச்சோடு சேர்த்துப் பிடிக்கிற யூ போல்ட், பக்கத்துக்கு இரண்டு, நாலும் துருவேறிக் கிடக்கின்றன. நட்டுக்குக் கீழே மரையே தெரியவில்லை, மண்ணும் கிரீசும் அப்பியிருக்கிறது. 1998 மாடல். எத்தனை முறை கழற்றி மாட்டினார்களோ.

மார்ச் 24

லேத்துக்காரர், "தேக்குக் கட்டையே போதுமுங்க, இரும்பு எதுக்கு" என்றார். சிரித்தபடி சொன்னதால் விளையாட்டா நிஜமா என்று தெரியவில்லை. இரும்பில்தான் என்று சொல்லிவிட்டேன். கட்டைக்கு ஒரு பக்கம் குழி, மறுபக்கம் குமிழ் வேண்டும். பட்டையின் சென்டர் போல்ட் தலை குழிக்குள் உட்கார வேண்டும், குமிழ் ஹவுசிங் சீட்டின் ஓட்டைக்குள். அது உட்காராமல் இறுக்கினால் அச்சு ஒரு பக்கம் நகர்ந்து, வண்டி நண்டு மாதிரி ஓடும்.

50 ஆகாது. ஹவுசிங்குக்கும் சேஸிஸில் இடி தாங்குகிற ரப்பருக்கும் காலி வண்டியில் 95 மி.மீ. இருக்கிறது. பாரம் ஏற்றினால் 55. அதில் 50 போனால் மிச்சம் 5. கருமத்தம்பட்டி ரோட்டில் முதல் வேகத்தடையிலேயே ரப்பர் போய் இடிக்கும். 25 வைத்தால் 30 மிஞ்சும். பின் அச்சில் 25 இறக்கினால் பாடியின் வாலில் இன்னும் கொஞ்சம் கூடவே இறங்கும், திண்ணைக்கு அது போதும். கடைசி பீமுக்குக் கொஞ்சம் ஏறிக்கொள்ளும். பரவாயில்லை.

மார்ச் 25

பேச்சுக்குப் போனவர்கள் திரும்பி வந்தார்கள். டீ குடித்தார்கள்.

மார்ச் 27

புது யூ போல்ட் தேடி கோவை உக்கடம். மூன்று கடை.

முதல் கடையில் லாரிக்கானதை எடுத்து வைத்து, "நீளமா இருந்தா ஆக்ஸா பிளேடுல அறுத்துக்கலாமுங்க" என்றார். கம்பி 18 மி.மீ. கனம். எனக்கு வேண்டியது 14. பட்டைக்கு அடியில் வருகிற தட்டின் ஓட்டையைப் பெரிதாக்கிக்கொள்ளலாமாம். இரண்டாவது கடையில் 14 கிடைத்தது, ஆனால் மேல்வளைவு சதுரம். என் ஹவுசிங் குழாய் உருண்டை, 76 மி.மீ. சதுர வளைவை அதன் மேல் போட்டால் ஒரு கோட்டில்தான் தொடும், மூலையெல்லாம் காற்று. ஓட்ட ஓட்ட அது குழாய் மேல் படிந்து உட்காரும், நட்டு தானாகத் தளரும். மூன்றாவது கடையில் உருண்டைதான், ஆனால் உள்ளகலம் 82. பக்கத்துக்கு மூன்று மி.மீ. ஆடும். "இறுக்குனா சேர்ந்துக்கும்" என்றார் அந்த அண்ணன். சேரும். கால் இரண்டும் உள்பக்கம் வளைந்து, மரை தட்டின் ஓட்டையில் உரசிக்கொண்டு சேரும்.

நான் வேண்டாம் என்றதும் அவருக்கு முகம் மாறிவிட்டது. "ஒரு போல்ட்டுக்கு இவ்வளவு பேச்சா?" என்றார். நியாயம்தான். பஸ்ஸில் வரும்போது முழுக்க அதையே நினைத்துக்கொண்டு வந்தேன்.

மார்ச் 28

பழசையே போட்டுவிடலாமா என்று ஒரு நிமிடம் தோன்றியது. கட்டை வைத்த பிறகு நீளம் பத்தாது. பத்தினாலும் போடக்கூடாது. ஒருமுறை இறுக்கி இழுபட்ட மரை அடுத்த முறை அதே பிடி பிடிக்காது.

புது போல்ட்டின் நீளத்தை பாப்பாவின் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிப் பார்த்தேன். குழாய் 76, கட்டை 25, பட்டை ஆறும் சேர்த்து 48, தட்டு 10, வாசர் 3, உயர நட்டு 18, நட்டுக்கு வெளியே மரை 8. மொத்தம் 188.

வெளியே விடுகிற அந்த 8-ஐ இன்னும் கூட்டலாமா என்றால், தட்டுக்குக் கீழே தொங்குகிற ஒவ்வொரு மில்லிமீட்டரும் தரைக்குப் பக்கம் போகிறது. வேண்டாம்.

மார்ச் 29

188. ஏதோ விட்டுப்போயிருக்கிறது. கூட்டல் சரிதான். நாலு முறை கூட்டினேன்.

மார்ச் 30

அப்பா பத்து நாளாக என்னிடம் சரியாகப் பேசவில்லை. வண்டி விஷயம் பிடிக்கவில்லையா, தறி நின்றதா, இரண்டுமா, தெரியவில்லை. பொழுதோட திண்ணையில் உட்கார்ந்து நோட்டை வாங்கிப் பார்த்தார். கண்ணாடி இல்லாமல் எட்டப் பிடித்துப் பார்த்தார்.

"சீட்ட எண்ணுனயா?"

ஹவுசிங்குக்கு அடியில் வெல்ட் வைத்த சீட். பட்டை குழாயில் எங்கே நேரடியாக உட்காருகிறது? தினமும் மூக்குக்கு நேரே பார்த்தேன். டார்ச்சை எடுத்துக்கொண்டு ஓடினேன். 9 மி.மீ.

197.

188-ல் செய்திருந்தால் வாசர் போட்ட பிறகு நட்டுக்கு 17 மி.மீ.தான் கிடைத்திருக்கும். நட்டு 18. பார்வைக்கு முழுசாக ஏறியது போலவே இருந்திருக்கும்.

ஏப்ரல் 1

சங்ககிரி போய் வந்தேன். லாரிக்காரர்கள் ஊர், அங்கே வளைத்துத் தருகிறார்கள். இங்கே பக்கத்திலேயே ஒருவர் கேஸில் சிவக்கச் சுட்டு வளைத்துத் தருவார், ஒரு மணி நேர வேலை. சுட்டால் கம்பிக்கு இருக்கிற பதம் போய்விடும், அப்புறம் அதன் பலத்துக்கு 8.8 தரம் என்று சொல்வதற்கு அர்த்தமே இல்லை. இவர்கள் பிரஸ்ஸில் சூடு இல்லாமல் வளைக்கிறார்கள். மரையும் வெட்டிய மரை இல்லை, உருட்டிய மரை. 14 கம்பிக்கு மரை இடைவெளி 1.5 மி.மீ. மரை 60 மி.மீ. கேட்டேன். குறைவாக இருந்தால் நட்டு மரை முடிகிற இடத்தில் போய் முட்டி நிற்கும், கை இறுகிவிட்டது என்று நினைக்கும், பட்டை லூசாகவே இருக்கும்.

நட்டு ஒவ்வொன்றையும் திருப்பிப் பார்த்தேன். 8 என்று அடித்திருக்கிறது, 8.8-க்கு அதுதான் ஜோடி. பெரியவர், "கல்யாணத்துக்கு நகை எடுக்கற மாதிரி பாக்கறீங்க" என்றார்.

ஏப்ரல் 2

மோட்டார் வாகனச் சட்டம் 1988, 52-ஆம் பிரிவு, வண்டியை மாற்றியமைப்பது பற்றியது. ஜூனில் எஃப்சி, வண்டியின் தகுதிச் சான்று. இதையும் தலையில் போட்டுக்கொண்டாயிற்று.

ஏப்ரல் 4

மாட்டியாயிற்று.

பழைய நட்டு எதுவும் அசையவில்லை, கிரைண்டரில் அறுத்தேன். பழைய போல்ட் நாலையும் உடனே எடைக்குப் போட்டுவிட்டேன், வீட்டில் கிடந்தால் என்றைக்காவது எடுத்து மாட்டத் தோன்றும். பாப்பா டார்ச் பிடித்தாள். கட்டையின் குமிழ் சீட்டின் ஓட்டைக்குள் இறங்கும்போது 'டொக்' என்று ஒரு சத்தம் வந்தது. "விழுந்துருச்சாப்பா?" என்றாள். உட்கார்ந்திருச்சு சாமி என்றேன்.

பக்கத்துக்கு நாலு நட்டையும் குறுக்குக் குறுக்காக, மூன்று சுற்றில் இறுக்கினேன். ஒரே பக்கம் முழுசாக இறுக்கிவிட்டு அடுத்ததுக்குப் போனால் தட்டு கோணிக்கொள்ளும். இறுக்கத்தை அளந்து காட்டுகிற டார்க் ரெஞ்சை, பாவுக்குக் கஞ்சி போடுகிற சைசிங் மில் ஃபிட்டரிடம் இரவல் வாங்கினேன். அவரும் சும்மாதான் இருக்கிறார். கடைசியில் நட்டுக்கு வெளியே ஸ்கேல் வைத்துப் பார்த்தேன். எட்டிலும் 8 மி.மீ. நம்பாமல் அப்பாவைக் கூப்பிட்டேன். குனிய முடியாது என்று சொல்லிவிட்டுக் குனிந்து பார்த்தார்.

ஏப்ரல் 5

காலி வண்டியில் சோமனூர் சந்தை வரை. 12 கி.மீ. பின் அச்சைச் சுழற்றுகிற ப்ரொப்பெல்லர் ஷாஃப்டில் அதிர்வு எதுவும் இல்லை. இருந்தால் கட்டைக்கு ஆப்பு வைத்துக் கோணம் திருத்த வேண்டியிருக்கும். 60 கி.மீ. வேகத்தில் ஒரு மாதிரி ஹூம் என்றது. டயராக இருக்கலாம். டயர்தான்.

ஏப்ரல் 6

அதே ஹூம். ஆனால் பின் டயரைக் கையால் தடவினால் பல் பல்லாகத் தேய்ந்திருக்கிறது. போன வருஷத்து வேலை. நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

ஏப்ரல் 8

100 கி.மீ. ஓடியதும் மறுபடி இறுக்க வேண்டும், பட்டைகள் ஒன்றோடொன்று படிந்து கொடுக்கும். அதற்காகவே ஓட்ட வேண்டியிருக்கிறது, ஏற்றப் பீம் இல்லை. அவினாசி போய் ஒரு தேங்காய் பன் வாங்கிக்கொண்டு வந்தேன். வீட்டில், "டீசலு யாரு வூட்டுதுங்க?" என்றாள்.

ஏப்ரல் 9

71 கி.மீ. ரெஞ்சைத் திருப்பிக் கேட்டு ஆள் வந்தது, நாளை வரை கொடுங்கள் என்றேன். பேச்சு மறுபடி இன்று மூன்று மணிக்காம். அப்பா காலையிலேயே குளித்து, இரண்டு காலிலும் செருப்பு போட்டுக்கொண்டார்.