குடிக்காத தண்ணீர்

மலேசியாவில் சுங்கை சிப்புட்டுக்கு அருகே நாங்கள் வாழ்ந்த தோட்டத்தில், அம்மா கொதிக்க வைக்காத தண்ணீரை யாருக்கும் குடிக்கக் கொடுத்ததில்லை. காலராவும் டைபாய்டும் மலம் கலந்த நீர் வழியாக வாய்க்குள் போகின்றன என்று அவர் படித்தறிந்தவர் அல்லர். தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருந்த லயத்து வீடுகள் யாவும் ஒரே கிணற்றை நம்பியிருந்த காலம் கற்றுக்கொடுத்த கவனம் அது. ஆனால், என் சித்தப்பாவை மருத்துவமனையில் கிடத்தியது அவர் குடித்த தண்ணீர் அன்று.

வெள்ளம் வடிந்த மறுநாள், வீட்டுக்குப் பின்னால் வாய்க்காலை அடைத்துக் கிடந்த செம்பனை மட்டைகளை வெறுங்காலோடு இறங்கி இழுத்துப் போட்டார். அவருடைய குதிகாலில் விரல் நகம் நுழையும் அளவுக்குப் பித்தவெடிப்பு உண்டு. பத்து நாள் கழித்துக் காய்ச்சல் கண்டது, கண்கள் சிவந்தன, கெண்டைக்காலைத் தொட்டாலே துடித்தார். முதலில் பார்த்த கிளினிக்கில் டிங்கியாக இருக்கும் என்றார்கள். தண்ணீரில் இறங்கினீர்களா என்று ஒருவரும் கேட்கவில்லை. அது எனக்கு இன்றும் ஆறாத வருத்தம். கண்ணில் மஞ்சள் தட்டிய பிறகே எலிக்காய்ச்சல் என்று தெரிந்தது.

இந்நோயைத் தரும் லெப்டோஸ்பைரா என்னும் பாக்டீரியா எலியின் சிறுநீரகத்தில் குடியிருந்து, அதற்குப் பெரும்பாலும் எந்தக் கேடும் செய்யாமல், சிறுநீரோடு வெளியேறுகிறது. காய்ந்த தரையில் விரைவில் மடிந்துவிடும் அது, ஈர மண்ணிலும் தேங்கிய நீரிலும் வாரக்கணக்கில் உயிரோடிருந்து, வெடிப்பு, கீறல், கண், மூக்கு, வாய் ஆகியவற்றின் வழியே உடலுக்குள் புகுந்துவிடுகிறது. உதிர்ந்த செம்பனைப் பழத்தைத் தின்று எலிகள் பெருகும் ஊர் எங்களுடையது. அவற்றைப் பிடிக்கவே பல தோட்டங்களில் ஆந்தைகளுக்குக் கூடு வைத்திருக்கிறார்கள்.

2010ஆம் ஆண்டு பஹாங் மாநிலத்தின் லுபோக் யூவில், நீரில் மூழ்கியவரைத் தேடி இறங்கியவர்களிடையே எலிக்காய்ச்சலும், மண்ணிலும் நீரிலும் வாழும் வேறொரு பாக்டீரியாவால் வரும் மெலியோய்டோசிஸும் பரவி, 8 பேர் இறந்தனர். மருத்துவர்கள் எலிக்காய்ச்சலைச் சுகாதார அமைச்சுக்குக் கட்டாயம் அறிவிக்க வேண்டும் என்ற விதியும் அதே ஆண்டில்தான் வந்தது.

பெனிசிலின் ஊசியால் சித்தப்பா பிழைத்தார். அக்கம்பக்கத்தில் யாருக்குக் காய்ச்சல் என்றாலும் இப்போது அவரே தேடிப் போகிறார். "டாக்டர் கேட்காவிட்டாலும் எந்தத் தண்ணீரில் கால் வைத்தாய், எத்தனை நாளாயிற்று என்று நீயே சொல்லிவிடு" என்கிறார்.